அளந்து எழுது

எனக்கு வேலை போன அன்று, வேலை வாங்கித் தரக்கூடிய ஒரு ஆளும் பக்கத்தில் இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால், வேலை வாங்குவது எப்படி என்று சொல்லித் தரக்கூடிய ஆட்கள் தெரு முழுக்க இருந்தார்கள். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்தது எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைன். அந்த எட்டில் ஐந்து வீட்டில் யாராவது ஒருவரைக் கம்பெனியிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா இருந்தார்களா? எனக்குப் புத்தி சொன்னார்கள்.

தண்ணீர் பிடிக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரி, "இன்டர்வியூக்குப் போறப்ப பச்ச கலரு கட்டாதக்கா, ராசியில்ல" என்றாள். அவள் புருஷன் ஆறு மாதமாக ஏறாத கம்பெனிப் படி இல்லை. அவன் எந்தக் கலர் சட்டையில் போனான் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். மளிகைக்கடைக்காரர் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே, "வயசக் கேட்டா முப்பத்தி ரெண்டுன்னு சொல்லிடும்மா, நாப்பத்தொண்ணுன்னு சொல்லாத" என்றார். ஆதார் அட்டையை இவர் வந்து மாற்றித் தருவாரா? ஊரில் எல்லாவற்றுக்கும் மந்தம், ஆர்டர் இல்லை, ஷிப்ட் இல்லை, ஓவர்டைம் இல்லை. வாய்க்கு மட்டும் மூன்று ஷிப்ட் ஓடியது.

நான் பதினாறு வருடம் ஒரே கம்பெனியில் இருந்தேன். பைக்குக்கும் டிராக்டருக்கும் பின், புஷ் என்று சின்னச் சின்ன இரும்புச் சாமான் செய்கிற இடம். நான் லைன் இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து விழுகிற பின்னை எடுத்து, துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்து, விட்டம் சரியா என்று பார்ப்பது என் வேலை. மைக்ரோமீட்டரின் தாடைக்கு நடுவே பின்னை வைத்துக் கடைசியில் இருக்கும் திருகைத் திருப்பினால் கிர், கிர், கிர் என்று மூன்று சத்தம் வரும். அதற்கு மேல் திருப்பக் கூடாது. அப்போது தெரிகிற எண்தான் அளவு. தலைமுடியின் பருமனில் பாதி கூடினாலும் குறைந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். என் கை அதில் பழகிப்போய், கடைசிச் சில வருடங்களில் பின்னைத் தொட்டாலே தேய்ந்ததா நல்லதா என்று பாதி தெரிந்துவிடும். இதைச் சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்பார்கள். அடித்துக்கொள்கிறேன், அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

எங்கள் தொழிலில் ஊரறிந்த ஒரு திருட்டுத்தனம் உண்டு. மணிக்கொரு தடவை ஐந்து பின்னை அளந்து ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். யார் எழுதுகிறார்கள்? ஷிப்ட் முடிகிற நேரத்தில் டீயைக் குடித்துக்கொண்டு, எட்டு மணி நேரத்துக்கான நாற்பது எண்களையும் மனசிலிருந்தே எழுதிவிடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து. கெட்டிக்காரர்கள் இரண்டு பேனாவை மாற்றி மாற்றி எழுதுவார்கள். எங்கள் லைனில் இதற்கு 'டீ ரீடிங்' என்று பேர். ஆடிட் வருகிற வெள்ளைக்காரர்களும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

நான் எழுதினதில்லை. பதினாறு வருடத்தில் ஒரு டீ ரீடிங் என் கையால் விழுந்ததில்லை. எழுதினவர்களை நான் விட்டதும் இல்லை. என்னோடு வேலை செய்த ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள், ஒரு நாள் இரண்டு மணிக்கே நான்கு மணி ரீடிங்கையும் எழுதி வைத்திருந்தாள். அவள் ரிப்போர்ட்டை லைன் முழுக்கப் பார்க்க நான்காகக் கிழித்துப் போட்டேன். "நாலு மணிக்கு நீ உசுரோட இருப்பன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன். பாத்ரூமில் போய் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். என் வாயைக் கண்டு பயந்து சூப்பர்வைசரே எங்கள் லைனுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார். அவள் என் மேல் கோபம் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. கோபம் வராத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அப்புறம் ஒரு லைனை மூடினார்கள். ஏழு ஏழு பேராகக் கேண்டீனுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கென்று டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. ஹெச்.ஆர். பெண் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, "இத முடிவுன்னு நெனைக்காதீங்க மேடம், புது ஆரம்பம்னு நெனைச்சுக்கோங்க" என்றது. "அப்பிடின்னா அந்த ஆரம்பத்த நீயே எடுத்துக்கோம்மா" என்றேன். அது சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அதையும் அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல ஆரம்பமாக இருக்கட்டும். என் ஏழு பேரில் அந்தச் சின்னப் பெண்ணும் ஒருத்தி.

வேலை போனதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது மத்தூர்.

என் வீட்டுக்காரருக்கு ஊர் மத்தூர்ப் பக்கம். அங்கே அவர் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். கொஞ்சம் நிலம், ஆறு மாடு, மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஷீட் போட்ட ஒரு அறை. அந்த அறையில் கல்யாணமான புதிதில் எட்டு மாதம் இருந்தேன். எந்நேரமும் சாணி, எந்நேரமும் என் ஓரகத்தியின் அதிகாரம். ஓசூரில் வேலை கிடைத்துப் பெட்டியைத் தூக்கினபோது ஓரகத்தி வாசலில் நின்று, "போறவ போகட்டும், எங்க போயிடப் போறா? வாலாட்டிக்கினு இங்கதான் வரணும்" என்றார். பதினாறு வருடமாகப் பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் அந்த அறையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

வீட்டுக்காரர் கம்பெனி ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். மூன்று ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனதும் அவர் பஸ்ஸும் பாதி நாள் நின்றது. அண்ணன் போன் மேல் போன் போட்டார். "ஏம்பா, ரெண்டு பேரும் அங்க இன்னாத்துக்கு வாடக குடுத்துக்கினு கெடக்குறீங்க? மே மாசம் பரீச்ச முடிஞ்சதும் பொண்ணக் கூட்டிக்கினு வந்துடுங்க. மாடு பாக்க ஆளில்ல." ஆளில்லையாம். அதுதான் விஷயம். சம்பளமில்லாத ஆள் வேண்டும், அதற்குப் பாசம் என்று பேர்.

வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக, "மே வரைக்கும் பாப்பம். கெடைக்கலன்னா போயிடலாம், வேற வழியில்ல" என்றார்.

"கெடைக்கும்" என்றேன். "மைக்ரோமீட்டரைக் கையில குடுக்கட்டும், அப்புறம் பாருங்க."

மகள் ஒன்பதாம் வகுப்பு. தன் ஓசூர்ப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை சீனியரிடம் முன்னாடியே வாங்கி அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச இன்டர்வியூப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். போனேன். இருநூறு பேர் இருந்தோம். தாலி கட்டுகிற மேடையில், காலரில் மைக் மாட்டிக்கொண்டு கோட்டுப் போட்ட ஒருவர் அங்குமிங்கும் நடந்தார். பின்னால் முதல்நாள் கல்யாணத்தின் பெண் மாப்பிள்ளை பேர் பாதி பிய்ந்து தொங்கியது. "நம்மளோட பிரச்சன மந்தம் இல்ல! நம்ம மைண்ட்!" என்று கத்தினார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரிடம் கை குலுக்கச் சொன்னார். என் பக்கத்தில் ஃபவுண்டரியில் முப்பது வருடம் இரும்பு ஊற்றின ஒரு பெரியவர். கையைத் துடைத்துவிட்டு எனக்கு வணக்கம் போட்டார். அவருக்கு இருந்த நாகரிகம் மேடைக்கு இல்லை.

"உங்க வீக்னஸ் என்னன்னு கேப்பாங்க" என்றார் கோட்டு. "அப்ப என்ன சொல்லணும்? 'நான் ரொம்ப அதிகமா உழைப்பேன், அதான் சார் என் வீக்னஸ்.' எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!" இருநூறு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சொன்னோம். நானும் சொன்னேன், வெட்கமில்லாமல். பிறகு ஒரு பையன் எழுந்து, "சார், எங்க ஊரு சானமாவு பக்கம். யான ரோட்டுல நின்னா பஸ் வராது. லேட்டாயிடுச்சுன்னா என்னா சொல்றது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு அவர், "யானன்னு சொல்லாதீங்க. அது நெகட்டிவ். 'நான் ஒரு சவாலைக் கடந்து வந்தேன்'னு சொல்லுங்க" என்றார். அட கடவுளே! யானையைக் கடந்து வந்தவன் உயிரோடு வந்தானே, அதைவிட என்ன தகுதி வேண்டும்?

வீட்டுக்கு வந்து மகளிடம் நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். வெகு நாள் கழித்து அந்த வீட்டில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மார்ச் கடைசியில் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வாக்-இன் என்று தகவல் வந்தது. லைன் இன்ஸ்பெக்டர் இரண்டே இடம். சனி, ஞாயிறு இரண்டு நாள். முதலில் டிரேட் டெஸ்ட், அதாவது கையால் அளந்து காட்டுகிற பரீட்சை; அப்புறம் இன்டர்வியூ. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பேச்சுப் போட்டி வைத்தால்தானே எனக்குப் பயம்? அளக்கச் சொன்னால் நானில்லாமல் யார்? ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம், வேலை தேடுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. எந்நேரமும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வருகிற குரூப். அன்று டெஸ்ட் எழுதிவிட்டு வந்த யாரோ போட்டிருந்தார்கள்: 'ஒரு பின் தருவாங்க. பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று. கண்ண மூடிக்கினு எழுதுங்க. ஏழைங்க பொழைக்கட்டும், எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க.' கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

"தூ!" என்றேன் வாய்விட்டு. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். காட்டினேன். "டீ ரீடிங் இப்ப போன்லயே வருது. இதுங்க எல்லாம் அளக்குற வேலைக்குப் போறதுங்களாம்!" அரை மணி நேரம் திட்டினேன். குரூப்பில் ஒரு காட்டமான செய்தி எழுதி, பிறகு அனுப்பாமல் விட்டேன். அந்த எண்ணை மட்டும் மறக்கவில்லை. மறக்கிற எண்ணா அது?

ஞாயிறு காலை எட்டு மணிக்கே கம்பெனி கேட்டில் பெரிய வரிசை. வரிசையில் எனக்கு முன்னால் பத்துப் பேர் தள்ளி ஒரு முதுகு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. திரும்பினபோது தெரிந்தது: கல்யாண மண்டபத்துக் கோட்டு! கோட்டு இல்லை, சாதாரணக் கோடு போட்ட சட்டை, கையில் எங்களைப் போலவே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். மேலாளர் வேலைக்கோ எதற்கோ வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஃபைலால் முகத்துக்கு வெயில் மறைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பழமொழியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன்.

"அக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தச் சின்னப் பெண். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்துப்போயிருந்தாள். போன் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம், பட்டன் போன்தான் வைத்திருக்கிறாளாம், இந்த வாக்-இன் விஷயமே தையல் கடையில் யாரோ பேசி அவள் காதில் விழுந்ததாம். அப்படியென்றால் அந்தச் செய்தி அவளுக்குத் தெரியாது.

"உள்ள என்னா கேப்பாங்க அக்கா? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு எண். இரண்டு இடம் என்பது நினைவுக்கு வந்தது. மத்தூர் அறை நினைவுக்கு வந்தது. என் முகத்தை லைனில் வைத்திருக்கிற மாதிரி கடுமையாக வைத்துக்கொண்டு, "அளக்கச் சொல்லுவாங்க. அளந்து எழுது. நான் உனக்கு எத்தினி வாட்டி சொல்லிருக்கிறன்?" என்றேன். அவள் தலையாட்டினாள். என்ன அழகாக ஒரு நேர்மை! எனக்கே மெய்சிலிர்த்தது. அதன் உள்ளே இருந்தது வெறும் பொறாமை என்பதை அப்போது நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை.

என் முறை வந்தது. சின்ன அறை. மேஜையில் ஒரு துணி, அதன் மேல் ஒரு பின், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு காகிதம். காகிதத்தில் பின்னின் வரைபடம்: பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல பின், இல்லாவிட்டால் கழிவு. அளவை எழுத ஒரு கட்டம். பக்கத்தில் நின்ற ஆள், "அஞ்சு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

பின்னை எடுத்துத் துடைத்தேன். தாடைக்கு நடுவே வைத்தேன். கிர், கிர், கிர். பதினொன்று புள்ளி தொண்ணூற்றாறு.

நன்றாகப் பார்த்தேன். தொண்ணூற்றாறுதான். கழிவு. விரலுக்கும் தேய்ந்த மாதிரிதான் தெரிந்தது. அந்த இடத்தில் எழுதிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டியவள் நான். ஆனால் போனில் வந்த எண் நினைவுக்கு வந்தது. நேற்று வந்த அத்தனை பேரும் பூஜ்யம் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் தவறாகவா இருக்கும்? இந்த மைக்ரோமீட்டர்தான் சரியில்லை, நாள் முழுக்க நூறு பேர் கை பட்டது, கீழே போட்டிருப்பார்கள் என்று தோன்றியது. அப்படித் தோன்றினால் என்ன செய்ய வேண்டும் என்று புதிதாகச் சேருகிற பையனுக்குக்கூடத் தெரியும்: பின்னை எடுத்துவிட்டு, வெறும் தாடையை மூடிப் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் கருவி நல்லது. பத்து விநாடி வேலை. அதை ஆயிரம் பேருக்குச் சொல்லித் தந்தவள் அதைச் செய்யவில்லை. செய்தால் பூஜ்யம் காட்டிவிடும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

கட்டத்தில் 12.01 என்று எழுதினேன். கீழே 'நல்ல பின்' என்று டிக் போட்டேன். என் வாழ்நாளின் முதல் டீ ரீடிங். டீகூட இல்லாமல்.

இன்டர்வியூ அறையில் ஒரே ஒருவர்தான். தரப்பிரிவுக்கு மூத்தவர், ஓய்வு பெறுகிற வயது, ஆனேக்கல் பக்கத்துக்காரர் என்று கன்னடம் கலந்த பேச்சிலேயே தெரிந்தது. உட்காரச் சொன்னார். "உங்க வீக்னஸ் ஏனுன்னு நான் கேக்க மாட்டேன்ம்மா" என்றார். "காலையிலிருந்து இருவது பேரு, 'நான் ஜாஸ்தி உழைப்பேன், அதே என் வீக்னஸ்'னு சொல்லிட்டாங்க. எனக்குக் காது நோவுது." சிரித்தேன். அவரும் சிரித்தார். என் ஃபைலைப் புரட்டினார். "ஹதினாறு வருஷம். ஒரே கம்பெனி. ஒரே வேலை. பரவாயில்லையே!" எனக்கு உடம்பெல்லாம் நிமிர்ந்தது. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு என் டெஸ்ட் காகிதத்தை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எத்தன தடவ அளந்தீங்கம்மா?"

"ரெண்டு தடவ சார்" என்றேன், ஒரு தடவை அளந்துவிட்டு.

"நோடி இங்க" என்று, அன்று காலை வந்தவர்கள் எழுதின ஒரு கட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். எல்லாவற்றிலும் 12.01. பேனா வேறு, கையெழுத்து வேறு, எண் ஒன்றுதான். "நேத்து வச்ச பின்னோட நம்பரு அது. நேத்து சாயங்காலமே எனக்கு அந்த மெசேஜ் வந்திடுத்து. காலைல நானே பின்னை மாத்தி வச்சேன். தேஞ்ச பின்னு. பொறக்கி எடுத்துத் தூர போட வேண்டியது." என் காகிதத்தில் இருந்த டிக்கின் மேல் விரலை வைத்தார். "மத்தவங்க எழுதினா எனக்குக் கோவம் வரல்லம்மா, அவங்களுக்கு அளக்கவே பரோதில்ல, தெரியாது. நீங்க ஏன்ம்மா?"

அவர் திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். கிழித்துப் போட்டிருந்தால்கூட ஆறியிருப்பேன். அந்த மனிதர் காகிதத்தை மடக்கி, கட்டின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில் வைத்தார். "தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மா, வெயிலு ஜாஸ்தி" என்றார்.

வீட்டில் வந்து என்ன சொன்னேன் தெரியுமா? "அங்க மைக்ரோமீட்டரே சரியில்லீங்க. டப்பா கம்பெனி. முன்னாடியே ஆள முடிவு பண்ணி வச்சிக்கினு சும்மா கூப்புட்டிருக்கானுங்க" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீட்டுக்காரர் நம்பினார். மகள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப நீ பின்ன எடுத்துட்டு ஜீரோ பாக்கலயாம்மா?" என்றாள். அவளுக்கு ஏழு வயதிலேயே அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன், வேறு கதை எதுவும் எனக்குத் தெரியாது என்பதால். "படிக்கிற வேலயப் பாரு" என்று கத்தினேன்.

ஒரு வாரம் கழித்துப் புது எண்ணிலிருந்து போன். எடுத்தால் அந்தச் சின்னப் பெண். மூச்சு வாங்கியது.

"அக்கா, எனக்குக் கெடைச்சிடுச்சு! உங்களுக்கும் வந்திருக்கும்ல? நீங்கதான் மொதல்ல இருப்பீங்கன்னு எங்கூட்டுல சொல்லிக்கினே இருந்தன்."

"எனக்கு தூரமா இருக்குதுன்னு விட்டுட்டன்" என்றேன்.

"ஐயோ, என்னாக்கா நீங்க! அன்னிக்கு எல்லாரும் ஏதோ ஒரே நம்பர எழுதிட்டாங்களாம். எனக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள போனதும் பயம் வந்துடுச்சு. நீங்க கேட்டுல சொன்னீங்களே, அளந்து எழுதுன்னு? நீங்க அன்னிக்குக் கிழிச்சிப் போட்டது ஞாபகம் வந்துடுச்சு. மூணு வாட்டி அளந்தன். ஜீரோ பாத்தன். பின்னு கழிவுன்னு எழுதிட்டன். சார் கேட்டாரு, யாரும்மா உனக்குச் சொல்லித் தந்ததுன்னு. நான் உங்க பேரத்தான் சொன்னன். அவரு ஒண்ணுமே சொல்லல அக்கா. தலைய ஆட்டிக்கினாரு. வேற யாரா இருந்தாலும் ரெண்டு எடம்தான்னு போட்டியா நெனைச்சிருப்பாங்க. நீங்க நல்லதச் சொன்னீங்க."

"நல்லா செய்யி" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டியிருக்கக் கூடாதா? ஒரு தடவையாவது எனக்கு ஏற்ற மாதிரி ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஏப்ரலில் இன்னும் நான்கு இடத்துக்குப் போனேன். இரண்டு இடத்தில் வயதைக் கேட்டார்கள், ஒரு இடத்தில் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள், ஒரு இடத்தில் கேட்டைத் திறக்கவே இல்லை. மே மாதம் சாமான்களை ஏற்றினோம். வீட்டுக்காரர் பஸ்ஸுக்காக ஓசூரிலேயே ஒரு நண்பரோடு தங்கிக்கொண்டார். மகள் அட்டை போட்ட புத்தகங்களை எடுத்துக்கொண்டாள். மத்தூரிலும் அதே பாடம்தானே என்று நான் சொன்னபோது பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஓரகத்தி வாசலில் நின்றிருந்தார். நான் எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "காப்பி குடி. அறையக் கழுவி உட்டிருக்குது" என்றார், அவ்வளவுதான். பதினாறு வருடமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாகிவிட்டன.

இப்போது காலை ஆறு மணிக்குப் பால் ஊற்றப் போகிறோம், ஓரகத்தியும் நானும். தனியார் ஆள் ஒருவன் வேனில் வந்து மரத்தடியில் நின்று பால் எடுப்பான். ஒவ்வொருவர் பாலிலும் கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அளவு பார்த்து அட்டையில் எழுத வேண்டும். போன முதல் நாளே பார்த்தேன். குழாயைப் பாலில் போடுகிறான், எடுக்கிறான், ஆனால் அதைப் பார்ப்பதே இல்லை. கண் போனில் இருக்கிறது, கை எழுதுகிறது. எனக்கு முன்னால் ஏழு பேருக்கும் இருபத்தாறு. எங்கள் பாலுக்கும் இருபத்தாறு என்று எழுதினான். குழாய் இன்னும் பாலுக்குள் இறங்கவே இல்லை.

உடம்பு முழுக்கச் சுர்ரென்று ஏறியது. அந்த அட்டையைப் பிடுங்கி நான்காகக் கிழிக்கக் கை நீண்டது. வாயைத் திறந்துவிட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்னாக்கா?"

ஓரகத்தியும் கேனைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "என்னா, ஏதாச்சும் தப்பா எழுதிட்டானா? உனக்குத்தான் இந்த அளவெல்லாம் தெரியுமே, சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "நீங்க ஊத்துங்க."